மாமனார் வீட்டில் கூட்டுக் குடும்பமாக வாழ்பவர்கள் ஐ-751 மனுவுக்கு என்ன சான்று தருவது?

வைகைக்கரையாள் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்கக் குடியுரிமை பெற்ற என் கணவருக்கும் எனக்கும் 2023 தை மாதம் மதுரையில், பெரியவர்கள் பார்த்து முடித்த திருமணம் நடந்தது. குடிமகனின் மனைவிக்கான சிஆர்-1 விசாவில் 2024 செப்டம்பர் 14 அன்று நியூஜெர்சிக்கு வந்து சேர்ந்தேன். அன்றைக்குத் திருமணமாகி இரண்டாண்டு நிறையவில்லை என்பதால் எனக்குக் கிடைத்தது இரண்டாண்டு மட்டுமே செல்லும், நிபந்தனையுடன் கூடிய கிரீன் கார்டு (வசிப்புரிமை அட்டை). அது 2026 செப்டம்பர் 14 அன்று காலாவதியாகிறது. அதற்கு முன் நானும் கணவரும் சேர்ந்து, அந்த நிபந்தனையை நீக்கக் கோரும் ஐ-751 மனு கொடுக்க வேண்டும் என்பது தெரியும்.

என் கவலை சான்றுகளைப் பற்றியது. நாங்கள் வசிப்பது மாமனார் பெயரில் உள்ள வீட்டில். வாடகை ஒப்பந்தமோ வீட்டுக்கடனோ எங்கள் பெயரில் இல்லை; மின்சாரம், எரிவாயு, இணையம் ஆகிய எல்லாக் கட்டணச் சீட்டுகளும் மாமனார் பெயரிலேயே வருகின்றன. நான் வந்து ஓராண்டு கழித்துத்தான் வங்கியில் கூட்டுக் கணக்குத் தொடங்கினோம். குழந்தை இன்னும் இல்லை. கணவர் வேலை நிமித்தமாக மாதத்தில் சில நாள் வெளி மாநிலங்களில் தங்குவார். உறவினர் ஒருவர், "வீடும் இல்லை, பிள்ளையும் இல்லை என்றால் மனுவைத் தள்ளிவிடுவார்கள்" என்று சொன்னதிலிருந்து மனம் நிம்மதியாக இல்லை.

இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. ஊரில் அம்மாவுக்கு வரும் ஜூலையில் அறுவைச் சிகிச்சை. நான் அருகில் இருந்தே ஆக வேண்டும். மனு கொடுக்க வேண்டிய காலமும் அதுவாகவே இருக்கிறது. இந்நிலையில் பயணம் செய்யலாமா? விவரம் அறிந்தவர்கள் வழிகாட்டும்படி கேட்டுக்கொள்கிறேன்.

எடிசன்வாசி எழுதியது:

தங்கைக்கு வணக்கம். சான்றுகளைப் பற்றி என்னைவிட நன்கறிந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள். நாள் கணக்கையும் பயணத்தையும் பற்றி மட்டும் நான் எழுதுகிறேன்.

கணவனும் மனைவியும் சேர்ந்து கொடுக்கும் மனுவை, அட்டை காலாவதியாகும் நாளுக்கு முந்தைய 90 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். உங்களுக்கு அந்தக் காலம் ஜூன் 16 அன்று தொடங்குகிறது. அதற்கு முன்பே போய்ச் சேர்ந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். செப்டம்பர் 14ஐத் தாண்டினால், தாமதத்துக்கு ஏற்கத்தக்க காரணத்தை எழுத்தில் விளக்க வேண்டிய நிலை வரும். அஞ்சலில் சேர்த்த நாளை அவர்கள் கணக்கில் கொள்வதில்லை, மனு தங்கள் கைக்கு வந்த நாளையே கொள்கிறார்கள். அமெரிக்கக் குடிவரவுத் துறையான யுஎஸ்சிஐஎஸ் இணையதளத்திலேயே நாள் கணக்கிடும் கருவி ஒன்று இருக்கிறது. அதிலும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். அனுப்ப வேண்டிய முகவரி நீங்கள் வசிக்கும் மாநிலத்தைப் பொறுத்து மாறும் என்பதால், பழைய பதிவுகளில் காணும் முகவரியை நம்பாமல் அனுப்பும் நாளன்று தளத்தில் உள்ளதையே எழுதுங்கள். சென்று சேர்ந்ததை உறுதி செய்யக்கூடிய கூரியரில் அனுப்புவது நல்லது.

கட்டணம் 2024 ஏப்ரல் 1 முதல் 750 டாலர். கைரேகைக்கு முன்பு தனியே வாங்கிய தொகையும் இதிலேயே அடக்கம். 2025 அக்டோபர் 28க்குப் பிறகு காகித மனுக்களோடு காசோலையோ மணி ஆர்டரோ வைத்தால் பொதுவாக ஏற்பதில்லை. கிரெடிட் கார்டு என்றால் ஜி-1450, வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாக எடுத்துக்கொள்ள வேண்டுமென்றால் ஜி-1650 படிவத்தை நிரப்பி மனுவின் மேல் வைக்க வேண்டும். இருவரும் கையெழுத்திட்டிருக்கிறார்களா என்பதை உறையை ஒட்டுவதற்கு முன் இன்னொருவரை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கையெழுத்து விடுபட்ட மனு அப்படியே திரும்பி வரும்.

பயணத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். மனு கிடைத்ததும் ஐ-797 என்னும் ரசீதுக் கடிதம் உங்கள் வீட்டுக்கு வரும். அட்டையில் அச்சிட்ட நாளிலிருந்து 48 மாதங்களுக்கு உங்கள் வசிப்புரிமை நீட்டிக்கப்படுவதாக அக்கடிதம் சொல்லும்; 2023 ஜனவரி முதல் இந்த 48 மாத நடைமுறை உள்ளது. காலாவதியான அட்டையையும் அக்கடிதத்தின் மூலப் பிரதியையும் சேர்த்துக் காட்டினால் வேலைக்கும், வெளிநாடு சென்று திரும்புவதற்கும் அதுவே போதும். ஜூன் 16 ஒட்டி மனுவைச் சேர்த்துவிட்டு, கடிதம் கைக்கு வந்ததும் புறப்படுவது மிகவும் நிம்மதியான வழி. அறுவைச் சிகிச்சை முன்கூட்டியே வந்துவிட்டாலும் அம்மாவை விட்டு இங்கே காத்திருக்க வேண்டியதில்லை. செப்டம்பர் 14க்குள் திரும்பிவிடுவீர்கள் என்றால் கையிலுள்ள அட்டையே செல்லும். அதற்குள் திரும்ப முடியாதென்று தோன்றினால், கணவர் ரசீதுக் கடிதத்தை மதுரைக்குக் கூரியரில் அனுப்பிவைக்கலாம். புறப்படும் முன்பே படிவத்தில் கையெழுத்தை மட்டும் இட்டுவிடுங்கள். கைரேகைக்கு அழைப்பு வந்தால் நாளை மாற்றிக் கேட்கவும் வழி உண்டு, ஆனால் குறித்த நாளுக்கு முன்னரே கேட்க வேண்டும். ஆகவே வீட்டுக்கு வரும் கடிதங்களை உடனுக்குடன் பிரித்துப் பார்க்க ஒருவரிடம் சொல்லிவைத்துவிட்டுப் போங்கள்.

சென்னை விமான நிலையத்தில் பயணச்சீட்டைச் சரிபார்க்கும் ஊழியர் சிலருக்கு இந்த நீட்டிப்புக் கடிதம் புதிதாகத் தெரியலாம். சற்று முன்னதாகவே சென்று, பொறுமையாக விளக்குங்கள். மேற்பார்வையாளரை அழைத்துக் கேட்கச் சொல்வதில் தவறில்லை.

ஆவணத்தோழி எழுதியது:

சகோதரி, குடிவரவு வழக்கறிஞர் ஒருவரின் அலுவலகத்தில் இத்தகைய மனுக்களுக்கு ஆவணங்களைத் தொகுப்பது பல ஆண்டுகளாக என் வேலை. நான் வழக்கறிஞர் அல்ல. ஆகையால் இதைப் பொதுவான விவரமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

வீடும் பிள்ளையும் இல்லையென்றால் மனு தள்ளப்படும் என்று உங்கள் உறவினர் சொன்னது சரியில்லை. போலித் திருமணங்களைத் தடுப்பதற்காக 1986இல் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தால்தான் இந்த இரண்டாண்டு நிபந்தனை வந்தது. இத்திருமணம் கிரீன் கார்டுக்காகச் செய்துகொண்டதா, சேர்ந்து வாழும் எண்ணத்தோடு செய்துகொண்டதா என்பதைத்தான் அதிகாரி பார்க்கிறார். சொந்த வீடும் குழந்தையும் அதற்கு வலுவான அடையாளங்கள். ஆனால் அவை இருந்தே தீர வேண்டும் என்று எங்கும் எழுதப்படவில்லை.

உங்கள் நிலையில் முதலில் செய்ய வேண்டியது, மாமனாரிடமிருந்து நோட்டரி முன் கையெழுத்திட்ட உறுதிமொழிக் கடிதம் ஒன்றை வாங்குவது. இன்ன முகவரியில் உள்ள வீடு தன்னுடையது, மகனும் மருமகளும் இன்ன நாளிலிருந்து தன்னுடன் வசிக்கிறார்கள், அவர்களிடம் வாடகை வாங்குவதில்லை அல்லது வீட்டுச் செலவில் இன்ன பங்கை அவர்கள் ஏற்கிறார்கள் என்று, உள்ளதை உள்ளபடியே அவர் எழுத வேண்டும். அதனோடு வீட்டுவரிச் சீட்டின் நகல் ஒன்றை இணையுங்கள். பெற்றோருடன் சேர்ந்து வாழ்வது நம்மவர்களிடையே இயல்பான வழக்கம் என்பதை மனுவின் முகப்புக் கடிதத்தில் இரண்டு வரியில் சொல்லிவிட்டால், வாடகை ஒப்பந்தம் ஏன் இல்லை என்ற கேள்வி எழுவதற்கு முன்பே பதில் கிடைத்துவிடும்.

அடுத்து, அதே முகவரி இருவர் பெயரிலும் எங்கெங்கே பதிவாகியிருக்கிறது என்று தேடுங்கள். இருவரின் ஓட்டுநர் உரிமம், வங்கியிலிருந்தும் மருத்துவமனையிலிருந்தும் வந்த கடிதங்கள், சம்பளச் சீட்டு ஆகியவற்றில் நாள் தெரியும்படியான நகல்கள் நல்ல சான்று. இரண்டாண்டுக் காலத்தின் தொடக்கம், நடு, இறுதி ஆகிய மூன்று பகுதிகளையும் தொடும்படி அவற்றைத் தேர்ந்தெடுங்கள். பலர் கடைசி மூன்று மாதத்துக் காகிதங்களையே கட்டுக்கட்டாக அனுப்புகிறார்கள். ஆனால் படிவத்தின் வழிகாட்டுக் குறிப்போ திருமண நாள் முதல் இன்றுவரையிலான காலத்தைக் காட்டும் ஆவணங்களைக் கேட்கிறது.

பணத் தொடர்பான சான்றுகளில் நான் முதலிடம் தருவது வருமான வரிக்கு. 2024க்கும் 2025க்கும் கணவன் மனைவியாகச் சேர்ந்து வரித்தாக்கல் செய்திருந்தால், வரித்துறையான ஐஆர்எஸ் தளத்திலிருந்து அந்தந்த ஆண்டுக்கான டிரான்ஸ்கிரிப்டை (தாக்கல் விவரப் பதிவை)க் கட்டணமின்றி எடுத்து வையுங்கள். நீங்களே அச்சிட்ட படிவத்தைவிட வரித்துறை தரும் பதிவுக்கு மதிப்பு அதிகம். திருமணமானவர் தனியாள் என்று குறிப்பிட்டுத் தாக்கல் செய்திருந்தால் அதை மனு கொடுப்பதற்கு முன்பே கணக்காளரிடம் சொல்லித் திருத்திக்கொள்வது அவசியம். கூட்டுக் கணக்கு ஓராண்டு கழித்துத் தொடங்கியது ஒரு குறையே அல்ல. அதில் கணவரின் சம்பளம் வந்து விழுவதும், நீங்கள் மளிகைக்கும் மருந்துக்கும் செலவழிப்பதும் தெரிந்தால் அது உயிருள்ள கணக்கு. மனு அனுப்பும் வாரத்தில் தொடங்கி நூறு டாலரைப் போட்டு அப்படியே விட்டுவைத்த கணக்குக்குத்தான் மதிப்பில்லை. கணவரின் அலுவலக மருத்துவக் காப்பீட்டில் நீங்கள் சேர்க்கப்பட்டிருக்கிறீர்களா, அவருடைய 401கே ஓய்வூதியக் கணக்கிலும் ஆயுள் காப்பீட்டிலும் வாரிசாக உங்கள் பெயர் உள்ளதா, கார் காப்பீட்டில் இருவரும் ஓட்டுநர்களாகப் பதிவாகியிருக்கிறீர்களா என்று பாருங்கள். கூட்டுக் குடும்பத்தில் வாழ்பவர்களிடம் இவையெல்லாம் பெரும்பாலும் இருக்கும். கட்டணச் சீட்டையே நினைத்துக்கொண்டிருப்பதால் கண்ணில் படுவதில்லை.

கணவரின் வெளியூர் வேலையை மறைக்க வேண்டாம். அவருடைய பணியின் தன்மையை விளக்கும் கடிதம் ஒன்றை நிறுவனத்திடம் வாங்கி இணையுங்கள். நீங்கள் அவரோடு போய்த் தங்கிய நாட்கள் இருந்தால் அந்தப் பயணச்சீட்டுகளையும் சேர்க்கலாம்.

உங்கள் இருவரையும் நீங்கள் கிரீன் கார்டு பெற்ற காலத்திலிருந்தே அறிந்தவர்கள் இருவரிடமேனும் உறுதிமொழிக் கடிதம் வாங்குங்கள். எழுதுபவரின் முழுப்பெயர், முகவரி, பிறந்த நாளும் இடமும், உங்களோடு அவருக்குள்ள உறவு ஆகியவை அதில் இருக்க வேண்டும். "இவர்கள் நல்ல தம்பதியர்" என்று மட்டும் எழுதிய கடிதத்தால் பயனில்லை. பொங்கலுக்கு உங்கள் வீட்டுக்கு வந்தது, உங்களுக்கு உடல்நலம் இல்லாதபோது கணவர் விடுப்பெடுத்துப் பார்த்துக்கொண்டதைக் கண்டது என்று, எழுதுபவர் தாமே கண்டறிந்ததைச் சொல்ல வேண்டும். இக்கடிதங்கள் மற்ற ஆவணங்களுக்குத் துணையாகவே நிற்கும், தனித்து நிற்கா.

புகைப்படங்கள் அளவோடு இருக்கட்டும். ஒவ்வொன்றின் கீழும் நாள், இடம், உடன் இருப்பவர்கள் யார் என்பதைக் குறித்துவிடுங்கள். தமிழில் உள்ள திருமணப் பத்திரிகை, சான்றிதழ் எதை வைத்தாலும் முழுமையான ஆங்கில மொழிபெயர்ப்பும், மொழிபெயர்த்தவர் தம் திறனை உறுதிப்படுத்தும் கையொப்பமிட்ட குறிப்பும் அதனுடன் செல்ல வேண்டும்.

பெயர் வேண்டாம் எழுதியது:

இந்தத் திரியில் குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். என் நிலை வேறு. எனக்கும் இவ்வாண்டே அட்டை காலாவதியாகிறது. வீட்டில் எந்தச் சிறு பேச்சு வந்தாலும் கணவர், "உன் மனுவில் நான் கையெழுத்துப் போட மாட்டேன், ஊருக்குத் திருப்பி அனுப்பிவிடுவேன்" என்கிறார். அடித்ததில்லை. ஆனால் என் கடவுச்சீட்டும் கிரீன் கார்டும் அவரிடம்தான் இருக்கின்றன, செலவுக்கு ஐந்து டாலர் வேண்டுமென்றாலும் கேட்டுத்தான் வாங்க வேண்டும். பிறந்த வீட்டில் சொன்னால் பொறுத்துப் போ என்கிறார்கள். அவர் கையெழுத்துப் போடாவிட்டால் எனக்கு வேறு வழியே இல்லையா?

ஆவணத்தோழி எழுதியது:

வழி இருக்கிறது, அம்மா. உங்கள் வசிப்புரிமையை நீக்கும் அதிகாரம் உங்கள் கணவருக்கு இல்லை. அது அரசுக்கும், இறுதியில் குடிவரவு நீதிபதிக்கும் மட்டுமே உண்டு. இதை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள்.

ஐ-751 படிவத்திலேயே, துணைவரின் கையெழுத்து இல்லாமல் தனியாக மனு கொடுப்பதற்கான விலக்குகள் தரப்பட்டிருக்கின்றன. துணைவர் இறந்துவிட்டால் ஒன்று. நல்லெண்ணத்தோடு செய்துகொண்ட திருமணம் விவாகரத்தில் முடிந்திருந்தால் ஒன்று. நாடு கடத்தப்பட்டால் கடும் இன்னல் நேரும் என்றால் ஒன்று. இவை தவிர, துணைவர் அடித்தாலோ கடுங்கொடுமை செய்தாலோ பெறக்கூடிய விலக்கும் உண்டு. அது 1990இல் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. கையெழுத்தையே ஆயுதமாக்கி மனைவியை அடக்கிவைக்க முடிகிறது என்பதை அதற்குள் எல்லோரும் உணர்ந்திருந்தார்கள்.

அந்த விலக்குக்கு விவாகரத்து ஆகியிருக்க வேண்டியதில்லை, பிரிந்து வாழ வேண்டும் என்பதுகூட இல்லை. கொடுமை என்பது உடலில் விழும் அடி மட்டும் அன்று. மனத்தளவில் செய்யும் கடுங்கொடுமையும் அதில் அடங்கும். ஆவணங்களைப் பறித்து வைத்துக்கொள்வது, நாடு கடத்திவிடுவேன் என்று மிரட்டுவது, பணத்தைத் தராமல் முடக்குவது ஆகியவை தொடர்ந்து நடக்கும்போது அவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பார்ப்பார்கள். உங்கள் நிலை அந்த வரையறைக்குள் வருமா என்பதை முழு விவரமும் கேட்ட வழக்கறிஞரே சொல்ல முடியும். ஆனால் வராது என்று நீங்களே முடிவுகட்டிவிடாதீர்கள்.

விலக்குக் கோரும் மனுவுக்கு அந்த 90 நாள் எல்லை கிடையாது. அட்டை காலாவதியாவதற்கு முன்பும் கொடுக்கலாம், பின்பும் கொடுக்கலாம். எனினும் காலாவதிக்கு முன்பே கொடுப்பது பாதுகாப்பு, ஏனெனில் உரிய காலத்தில் எந்த மனுவும் இல்லையென்றால் வசிப்புரிமை முடிவுக்கு வந்து, வெளியேற்ற வழக்குத் தொடங்கும் வாய்ப்பு உண்டு. காவல் துறைப் புகாரோ மருத்துவச் சான்றோ இல்லையே என்று தயங்க வேண்டாம். உங்கள் கைப்பட எழுதும் விரிவான வாக்குமூலம், அவர் அனுப்பிய குறுஞ்செய்திகள், நீங்கள் அவ்வப்போது தோழியிடமோ உடன்பிறந்தவர்களிடமோ சொன்னதற்கு அவர்கள் தரும் கடிதம், மனநல ஆலோசகரின் அறிக்கை ஆகிய நம்பத்தக்க எதையும் பார்ப்பார்கள். அதோடு, திருமணத்தை நீங்கள் நல்லெண்ணத்தோடுதான் செய்துகொண்டீர்கள் என்பதற்கு மேலே சகோதரிக்குச் சொன்ன அதே வகைச் சான்றுகளும் வேண்டும்.

மனுவைப் பற்றி அவருக்குத் தெரிந்துவிடுமோ என்ற அச்சம் இருக்கும். இத்தகைய மனுவின் விவரத்தைக் கொடுமை செய்தவருக்குத் தெரிவிக்கக் கூடாதென்று கூட்டரசுச் சட்டமே தடுக்கிறது. கடிதங்கள் வருவதற்கு நம்பகமான வேறொரு முகவரியைக் கொடுக்கவும் படிவத்தில் இடமுண்டு. அவர் கோபத்தில் எழுதிப்போடும் புகாரை மட்டும் வைத்து உங்களுக்கு எதிராக முடிவெடுக்கவும் கூடாது.

உடனே செய்யத்தக்கவை சில உண்டு. கிரீன் கார்டின் இரு பக்கமும், கடவுச்சீட்டும், திருமணச் சான்றிதழும் எப்போதாவது கண்ணில் பட்டால் படம் எடுத்து, அவருக்குத் தெரியாத மின்னஞ்சலில் சேர்த்துவையுங்கள். கார்டில் உள்ள ஏ எண்ணை (குடிவரவுத் துறை உங்களுக்குத் தந்த அடையாள எண்ணை) எழுதி நம்பிக்கையானவரிடம் கொடுத்துவையுங்கள். குடும்ப நிகழ்ச்சி என்று சொல்லி உங்களை ஊருக்கு அழைத்துச் சென்று, ஆவணங்களைப் பறித்துக்கொண்டு விட்டுவிட்டு வருகிற கொடுமையும் நம் குடும்பங்களில் நடக்கிறது. ஆகவே வழக்கறிஞரைக் காணும்வரை இந்தியப் பயணத்துக்குச் சம்மதிக்காதீர்கள். அவசரம் என்றால் 911ஐ அழைக்கலாம், தமிழுக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றும் கேட்கலாம். குடும்ப வன்முறைக்கான தேசிய உதவி எண்ணிலும், தெற்காசியப் பெண்களுக்கென்றே பல மாநிலங்களில் இயங்கும் அமைப்புகளிலும் கட்டணமின்றி வழக்கறிஞரை அடைய உதவுகிறார்கள். இங்கே மேலும் விவரம் எழுத வேண்டாம். உங்கள் அடையாளத்தை ஊகிக்கக்கூடிய எதையும் பொதுவெளியில் வைக்காமல் இருப்பது உங்களுக்குப் பாதுகாப்பு.

வைகைக்கரையாள் எழுதியது:

எடிசன்வாசி அண்ணனுக்கும் ஆவணத்தோழிக்கும் மனமார்ந்த நன்றி. கணவரின் காப்பீட்டிலும் ஓய்வூதியக் கணக்கிலும் என் பெயர் இருக்கிறது என்பதை இன்று பார்த்துத் தெரிந்துகொண்டோம். மாமனாரும் கடிதம் தர உடனே ஒப்புக்கொண்டார். மேலே எழுதிய சகோதரிக்கு: நீங்கள் நலமாக இருக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன், தயவுசெய்து உதவி கேளுங்கள்.

ஒரே ஒரு ஐயம் மீதமிருக்கிறது. இம்மனுவில் முடிவு வருவதற்கு ஓராண்டுக்கு மேலும் ஆகலாம் என்கிறார்கள். அதற்குள் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் காலம் வந்துவிட்டால், ஐ-751 முடியும்வரை காத்திருக்க வேண்டுமா?

எடிசன்வாசி எழுதியது:

காத்திருக்க வேண்டியதில்லை. அமெரிக்கக் குடிமகனை மணந்து அவரோடு சேர்ந்து வாழ்பவர், கிரீன் கார்டு பெற்று மூன்றாண்டு நிறைவதற்கு 90 நாள் முன்பிருந்தே என்-400 விண்ணப்பத்தைக் கொடுக்கலாம். உங்கள் கணக்கில் அது 2027 ஜூன் 16. நிபந்தனையோடு இருந்த இரண்டாண்டும் அந்த மூன்றாண்டில் சேரும். கணவரும் அம்மூன்றாண்டும் குடிமகனாக இருந்திருக்க வேண்டும். இணையவழியில் கொடுத்தால் கட்டணம் 710 டாலர், காகிதத்தில் 760 டாலர்.

ஐ-751 நிலுவையில் இருக்கும்போதே என்-400 போய்ச் சேர்ந்தால், இரண்டையும் ஒரே நேர்காணலில் எடுத்துக்கொள்வது வழக்கம். ஆனால் நிபந்தனை நீங்கிய பிறகே குடியுரிமை தருவார்கள். அந்த நேர்காணலுக்குக் கணவரையும் கூட்டிச் செல்லுங்கள். அதுவரை சேரும் புதிய வரிப் பதிவு, வங்கிப் பதிவு ஆகியவற்றையும் எடுத்துப் போங்கள். வீடு மாறினால் பத்து நாளுக்குள் முகவரி மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

அம்மாவுக்காக ஊருக்குப் போகும்போது ஒன்றைக் கவனத்தில் கொள்ளுங்கள். ஒரே பயணத்தில் ஆறு மாதத்துக்கு மேல் வெளியே தங்கினால், குடியுரிமைக்கான தொடர் வசிப்பு முறிந்துவிட்டதா என்ற கேள்வி எழும். ஓராண்டைத் தொட்டால் வசிப்பு முறிந்ததாகவே கொள்வார்கள். சிகிச்சைக்குப் பின் அம்மா தேற நாளாகும் என்று மருத்துவர் சொன்னால், ஆறு மாதம் நிறைவதற்குள் ஒருமுறை இங்கே திரும்பி வந்து, சில காலம் தங்கிவிட்டு மீண்டும் போய்வருவதாகத் திட்டமிடுங்கள்.